ஓட்டினா ஜம்முனு இருக்கு... நிறுத்தினாதான் சிக்கல்! - சிட்டிக்குச் சின்ன எலெக்ட்ரிக் கார் சரிப்படுமா?

சாயங்காலம் ஆறரை மணிக்கு தி.நகர் பனகல் பார்க்கிலிருந்து மயிலாப்பூர் தெப்பக்குளம் வரை கார் ஓட்டியிருக்கிறீர்களா? தூரம் என்னவோ ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால், பாண்டி பஜார் நெரிசல், அண்ணா சாலை சிக்னல், ஆழ்வார்பேட்டை, லஸ் பக்கம் மெட்ரோ பணிக்காகத் திருப்பிவிட்ட ரோடு எல்லாம் தாண்டி வருவதற்குள் இடது கால் க்ளட்ச்சை எத்தனை முறை மிதித்திருக்கும் என்று கணக்கே இருக்காது. 'இந்த ஊருக்கு ஒரு குட்டி எலெக்ட்ரிக் கார் வாங்கிட்டா என்ன?' என்ற எண்ணம் வருவது அந்த நேரத்தில்தான்.

நியாயமான எண்ணம்தான். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மாதிரி ஏரியாவில் ஓட்ட, சின்ன எலெக்ட்ரிக் ஹேட்ச்பேக் அளவுக்குச் சுகமான கார் குறைவு. ஆனால், ஷோரூம் டெஸ்ட் டிரைவில் தெரிவது கார் ஓடும் இருபது நிமிடம் மட்டும்தான். ஒரு நாளில் மீதி இருபத்துமூன்று மணி நேரம் அது எங்கேயாவது நின்றுகொண்டுதான் இருக்கப்போகிறது. இந்தக் கார்களின் குறைகளில் பெரும்பாலானவை அந்த நேரத்துக்குள்தான் ஒளிந்திருக்கின்றன. ரெண்டையும் பார்த்துவிடலாம்.

யார் யார் களத்தில்?

'சின்ன எலெக்ட்ரிக் கார்' என்றால் நம் ஊரில் பேசப்படுபவை முக்கியமாக மூன்று. முதலாவது, 2022 செப்டம்பரில் வந்த டாடா டியாகோ இ.வி. பெட்ரோல் டியாகோவின் அதே உடம்பு, உள்ளே பேட்டரி. 19.2, 24 கிலோவாட் ஹவர் என்று ரெண்டு பேட்டரிகளில் வந்தது. கிலோவாட் ஹவர் என்றால் பயப்பட வேண்டாம், நம் ஈ.பி. பில்லில் வரும் 'யூனிட்'தான் அது. 24 கிலோவாட் ஹவர் பேட்டரி என்றால், அதில் 24 யூனிட் கரன்ட் பிடிக்கும்.

இரண்டாவது, 2023-ல் வந்த எம்.ஜி. காமெட். நீளம் 2,974 மில்லிமீட்டர்தான். டியாகோவைவிடக் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் குட்டை; மிச்சமாகும் இடத்தில் ஒரு ஸ்கூட்டரைச் செருகிவிடலாம். 17.3 யூனிட் பேட்டரி, ரெண்டே கதவு, நாலு சீட்.

மூன்றாவது, சிட்ரோயன் இ.சி.3. நம்ம திருவள்ளூரில் தயாரான கார். 29.2 யூனிட் பேட்டரி, மூன்றில் பெரியது. ஆனால், 2024 மார்ச்சில் வெளியான குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு பூஜ்யம் ஸ்டார்தான் வாங்கியது. அதனால் இதன் பெயர் பட்டியலில் இருந்தாலும், குடும்பத்தோடு போகிறவர்கள் ஒன்றுக்கு ரெண்டு முறை யோசிக்க வேண்டும்.

இடது காலுக்கு ரெஸ்ட்!

முதலில் சந்தோஷமான விஷயம். பெட்ரோல் டியாகோவின் டார்க் 113 என்.எம். எலெக்ட்ரிக் டியாகோவில் 114. பேப்பரில் பார்த்தால் வித்தியாசமே இல்லை. ஆனால், பெட்ரோல் இன்ஜின் அந்த இழுவையை எட்ட 3,300 ஆர்.பி.எம். வரை சுற்ற வேண்டும். மோட்டாருக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. பெடலைத் தொட்டவுடனே முழு இழுவையும் சக்கரத்துக்கு வந்துவிடும். அதனால்தான் சிக்னலில் பச்சை விழுந்ததும் சத்தமே இல்லாமல் ஜிவ்வென்று கிளம்புகிறது. 0-விலிருந்து 60 கி.மீ. வேகத்தை 24 யூனிட் டியாகோ 5.7 விநாடியில் தொடும் என்கிறது டாடா. சிட்டிக்குள் நமக்குத் தேவைப்படுவதும் அந்த அறுபதுதானே!

கியர் இல்லை, க்ளட்ச் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் மெதுவாக ஊர்ந்து போகும். முட்டி வலிக்காரர்களுக்கும், திரு.வி.க. பாலத்து டிராஃபிக்கில் தினமும் நிற்பவர்களுக்கும் இது பெரிய வரம்.

ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டாரே டைனமோ மாதிரி வேலை செய்து, வண்டியின் வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைத் திரும்ப பேட்டரிக்கே அனுப்பும். இதற்குப் பெயர் ரீஜென். டியாகோவில் இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதிகபட்சத்தில் வைத்தால் பிரேக் மிதிக்கும் வேலை பாதியாகக் குறையும். பிரேக் பேடும் ரொம்ப நாள் உழைக்கும்.

வளைப்பதிலோ காமெட்தான் கில்லாடி. டர்னிங் ரேடியஸ் 4.2 மீட்டர். மாட வீதியில் எதிரே தண்ணி லாரி வந்துவிட்டது, திரும்பித்தான் ஆக வேண்டும் என்றால், காய்கறி வண்டிக்காரரிடம் திட்டு வாங்காமல் திரும்பிவிடலாம்.

சத்தமே இல்லை... அதனால் எல்லாச் சத்தமும் கேட்கும்!

சந்தோஷத்துக்குள்ளேயே சில குறைகளும் இருக்கின்றன. இன்ஜின் சத்தம் இல்லாததால், அது இதுவரை மறைத்து வைத்திருந்த அத்தனை சத்தமும் வெளியே வரும். டயர் உரசல், சஸ்பென்ஷன் தட்டல், டேஷ்போர்டு கிறீச் என்று எல்லாமே காதில் விழும். 'புது வண்டியில என்னமோ ஆடுது' என்று பலர் சர்வீஸ் சென்டருக்குப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பேட்டரியால் காரின் எடை நூறு கிலோவுக்கு மேல் கூடிவிடும். அதைத் தாங்க ஸ்பிரிங்கை இறுக்கமாக வைத்தாக வேண்டும். சின்ன வீல், இறுக்கமான ஸ்பிரிங், மெட்ரோ பணிக்காக ரோட்டில் போட்டிருக்கும் இரும்புத் தகடு... மூன்றும் சேர்ந்தால் பின் சீட்டில் இருப்பவர்களுக்குத் 'தொம் தொம்' என்று அடிக்கும். 12 இன்ச் வீல் உள்ள காமெட்டில் இது கூடுதலாகவே தெரியும்.

ரீஜெனை அதிகமாக வைத்து, பெடலைச் சட்சட்டென்று விட்டு விட்டு மிதித்தால், கார் முன்னும் பின்னும் ஆடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தலை சுற்றும். பாட்டி என்றதும் இன்னொன்று... காமெட்டின் பின் சீட்டுக்குப் போக, முன் சீட்டை மடக்கிவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். கபாலீஸ்வரர் கோயிலுக்குப் பெரியவர்களை அழைத்துப் போகத்தான் கார் என்றால், இது சரிப்பட்டு வராது. நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் டிக்கியில் ஒரு கட்டைப்பைக்கே இடம் தேட வேண்டும் என்பது இன்னொரு கஷ்டம்.

டியாகோ, காமெட் ரெண்டிலும் ஸ்டெப்னி கிடையாது, பங்சர் கிட்தான். ஆணி குத்தினால் சமாளிக்கலாம். பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கவாட்டு கிழிந்துவிட்டால், கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போகத்தான் ஆள் கூப்பிட வேண்டும்.

கடைசியாக, தெருவில் நடப்பவர்கள். வடக்கு மாட வீதியில் பூ வாங்க நிற்பவர்கள் வண்டி வருவதைக் காதால்தான் கவனிப்பார்கள். இந்தக் கார் வருவது அவர்களுக்குக் கேட்காது. முதல் ஒரு மாதம் ஹாரனையும் பொறுமையையும் கூடுதலாகப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

315 எப்படி 200 ஆகிறது?

டியாகோ 24 யூனிட் மாடல் வந்தபோது சொல்லப்பட்ட ரேஞ்ச் 315 கி.மீ. காமெட்டுக்கு 230. ஆனால், இவை ஆய்வகத்தில் ரோலர் மேல் ஓடவிட்டு எடுத்த கணக்கு. அங்கே நம்ம ஊர் மே மாத வெயில் கிடையாது. நிஜத்தில் ஏ.சி. போட்டு ஓட்டினால் மூன்றில் ரெண்டு பங்கு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதாவது டியாகோவுக்கு 200-ஐ ஒட்டி, காமெட்டுக்கு 150-ஐ ஒட்டி.

ஏ.சி. எவ்வளவு தின்னும்? சின்ன காரை பத்து கிலோமீட்டர் நகர்த்த ஏறக்குறைய ஒரு யூனிட் போதும். ஏ.சி-யும் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். தீபாவளி நேரத்து உஸ்மான் ரோடு மாதிரி ஒரு மணி நேரத்தில் பத்து கிலோமீட்டர்தான் போக முடிகிறது என்றால், வண்டி ஓடவும் குளிர்விக்கவும் சரிபாதி செலவு. ரேஞ்ச் பாதியாகிவிடும்.

கேட்கப் பயமாக இருந்தாலும், இதையே திருப்பிப் பாருங்கள். மணிக்கு ரெண்டு யூனிட் என்றால், 24 யூனிட் பேட்டரி பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 'ஜாம்ல மாட்டி நடுரோட்டுல நின்னுடுமோ' என்ற பயம் சிட்டிக்குள் தேவையே இல்லை. அடையாறு - தி.நகர் வாழ்க்கைக்கு வாரத்துக்கு ரெண்டு, மூன்று முறை சார்ஜ் போட்டால் போதும். ஆனால், எங்கே போடுவது? சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான்.

ராத்திரி எங்கே தூங்கும்?

சொந்த வீடு, சொந்த போர்ட்டிகோ என்றால் பிரச்னை இல்லை. 15 ஆம்ப் ப்ளக் பாயின்ட், நல்ல எர்த்திங், தனி எம்.சி.பி. போதும்; ராத்திரி போட்டால் காலையில் ரெடி. ஆனால், நம்ம ஏரியாக்களில் பாதிக்கு மேல் ஃப்ளாட்தானே!

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் எண்பது, தொண்ணூறுகளில் கட்டிய சின்ன அப்பார்ட்மென்ட்கள் நிறைய. ஒன்றரை, ரெண்டு கிரவுண்டில் எட்டு வீடு, கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மாடிப்படி பக்கத்தில் மீட்டர் போர்டு. உங்கள் மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை தனி ஒயர் இழுத்துவிடலாம் என்றால் பாதி வேலை முடிந்தது. மத்திய மின் அமைச்சகம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஏற்கெனவே இருக்கும் வீட்டு இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்யலாம்.

மீதிப் பாதி, அசோசியேஷன் மீட்டிங்கில் இருக்கிறது. "ஒருத்தருக்கு ஓகே சொன்னா நாளைக்கு எட்டுப் பேரும் கேப்பாங்களே, லோடு தாங்குமா?" என்பார் செக்ரட்டரி. "தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்பார் முதல் மாடி மாமா. ரெண்டுமே தப்பான கேள்வி இல்லை. முப்பது வருஷத்து ஒயரிங்கில் தினமும் ஏழெட்டு மணி நேரம் 3 கிலோவாட் ஓடுவது, கீசரை ராத்திரி முழுக்க அணைக்காமல் வைப்பதற்குச் சமம். அதனால் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து, லோடு எவ்வளவு, ஒயர் தடிமன் போதுமா, எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எழுதி வாங்கிக்கொண்டு மீட்டிங்குக்குப் போனால் பேச்சு சுலபமாகும். 7.2 கிலோவாட் வேக சார்ஜர் வேண்டுமானால் மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கலாம். சிட்டி ஓட்டத்துக்கு 3.3 கிலோவாட்டே தாராளம்.

வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனர் சம்மதமும் வேண்டும். வீடு மாறினால் எல்லாம் முதலிலிருந்து. தெருவில் கார் நிறுத்துபவர்களுக்கோ பதில் ஒன்றுதான்... இப்போதைக்கு வேண்டாம். பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிட்டு சார்ஜ் போடுவது, மழைக்காலத்தில் தெருவில் போகிறவர் உயிரோடு விளையாடுவது.

ஈ.பி. பில் கணக்கு

'கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்' என்பது உண்மையா? மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்து ரெண்டு மாதத்துக்கு 250 யூனிட் வரும். உங்கள் வீட்டு உபயோகம் ஏற்கெனவே 400 யூனிட் என்றால், மொத்தம் 650. நம்ம ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும். 2024 ஜூலை கட்டணப்படி 501-லிருந்து 600 வரை யூனிட்டுக்கு 8.55 ரூபாய், அதற்கு மேல் 9.65. எல்லாம் கூட்டினால் காருக்காகக் கூடுதலாக வருவது சுமார் 2,200 ரூபாய். 2,000 கிலோமீட்டருக்கு வகுத்தால் 1 ரூபாய் 10 பைசா. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சிட்டி மைலேஜ் 14 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய். ஆக, மிச்சம் கிட்டத்தட்ட 6 ரூபாய். நல்ல லாபம்தான்.

ஆனால், அந்த லாபம் வண்டி ஓடினால்தான் வரும். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்தது. எலெக்ட்ரிக் கார்களுக்கு முன்பு போலவே 5 சதவிகிதம். இதனால் விலை வித்தியாசம் முன்பைவிட அதிகமாகிவிட்டது. ஒரே வசதிகள் உள்ள ரெண்டு கார்களுக்கு இடையே 3 லட்சம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் மிச்சம் என்றால், போட்ட பணத்தை எடுக்க 50,000 கி.மீ. ஓட்ட வேண்டும். தினமும் 50 கி.மீ. ஓடுபவருக்கு மூன்று வருடத்துக்குள் கணக்கு தீரும். மயிலாப்பூரிலிருந்து அடையாறு ஸ்கூலுக்கும் தி.நகர் கடைக்கும் மட்டும் போய்வந்து, தினமும் 20 கி.மீ. ஓட்டுபவருக்கு ஏழு வருடம் ஆகும். இந்தக் கார் யாருடைய தினசரி ஓட்டத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறதோ, அவர்களுக்குத்தான் பணம் திரும்ப ரொம்ப நாளாகிறது. காசு மிச்சம் பிடிக்க வாங்குகிறீர்களா, ஓட்டும் சுகத்துக்கு வாங்குகிறீர்களா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

டிசம்பர் வந்தால்..?

சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு மழை தனி டென்ஷன். 2015-ல் கோட்டூர்புரம், 2021 நவம்பரில் தி.நகர், 2023 டிசம்பரில் மிக்ஜாம். மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

எலெக்ட்ரிக் காரில் ஒரு ப்ளஸ் உண்டு. காற்றை இழுக்கும் இன்ஜின் இல்லாததால், தேங்கிய தண்ணீரைக் கடக்கும்போது தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் சீஸ் ஆகும் வேலை இல்லை. பேட்டரிக்கு ஐ.பி. 67 தரச் சான்றும் இருக்கிறது. ஆனால், அதன் அர்த்தம் சோதனையில் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கியது என்பதுதான். ஸ்டில்ட் பார்க்கிங்கில் ரெண்டு நாள் சாக்கடை கலந்த தண்ணீரில் நிற்பது அந்தச் சோதனையில் கிடையாது. அப்படி மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யவோ, சார்ஜ் போடவோ கூடாது. கம்பெனிக்குச் சொல்லி, லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும்.

வெள்ள நேரத்தில் பாதுகாப்புக்காகக் கரன்ட்டையும் நிறுத்திவிடுவார்கள். மிக்ஜாமின்போது பல இடங்களில் நாள் கணக்கில் கரன்ட் இல்லை. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தால்? அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேட்டரியை எப்போதும் பாதிக்கு மேல் வைத்திருங்கள். புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தாலே ஃபுல் சார்ஜ் போட்டு, மேடான இடத்தில் நிறுத்திவிடுங்கள். இன்ஷூரன்ஸில் பேட்டரிக்குத் தனி கவர் இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

ஊருக்குப் போகணும்னா..?

பெட்ரோல் காருக்கு ஹைவேயில்தான் மைலேஜ் கூடும். இதற்கு அப்படியே தலைகீழ். வேகம் கூடக் கூடக் காற்று எதிர்ப்பு பலமடங்காகும். பிரேக் பிடிக்கும் வேலை இல்லாததால் ரீஜெனில் திரும்பக் கிடைப்பதும் குறைவு. 80, 90-க்கு மேல் அந்த ஜிவ் பிக்அப்பும் தளர்ந்துவிடும்.

காஞ்சிபுரம் போய்வரலாம். 150 கி.மீ. தள்ளியிருக்கும் புதுச்சேரிக்குப் போனால், அங்கே சார்ஜ் போட்டுத்தான் திரும்ப வேண்டும். 330 கி.மீ. தூரத்தில் இருக்கும் திருச்சிக்கு டியாகோவில் போவதென்றால், வழியில் ரெண்டு முறை நிறுத்துவது நிம்மதி. டி.சி. ஃபாஸ்ட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவிகிதம் ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். அதுவும் சார்ஜர் காலியாக இருந்தால். பொங்கலுக்கு முந்தின நாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் டோல்கேட்டில் நிற்பதே பெரும்பாடு. அடுத்து சார்ஜர் க்யூவும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பொது சார்ஜரில் யூனிட் விலையும் வீட்டைவிட ரெண்டு மடங்குக்கு மேல் வரலாம். காமெட்டில் டி.சி. ஃபாஸ்ட் சார்ஜிங்கே கிடையாது. அது சிட்டியோடு சரி.

பத்து வருஷம் கழித்து?

குட்டி எலெக்ட்ரிக் கார் நமக்குப் புதுசு இல்லை. பெங்களூரில் உருவான ரேவா 2001-லேயே ரோட்டுக்கு வந்துவிட்டது. 2010-ல் மஹிந்திரா அதை வாங்கி, 2013-ல் இ2ஓ என்று புது காரை விட்டது. அதுவும் சில வருடங்களில் நின்றுபோனது. மாடல் நின்றுவிட்டால் பேட்டரிக்கும் பார்ட்ஸுக்கும் அலைய வேண்டும் என்பதுதான் அந்தக் கார்கள் கற்றுக்கொடுத்த பாடம். இன்று டியாகோவுக்கும் காமெட்டுக்கும் பேட்டரி வாரன்ட்டி எட்டு வருடம். செகண்ட் ஹேண்டில் வாங்க வருகிறவர், அதில் எத்தனை வருடம் பாக்கி என்றுதான் முதலில் கேட்பார். எட்டு வருடமும் நாமே வைத்து ஓட்டுவோம் என்பவர்களுக்கு இது கவலை இல்லை. நாலு வருடத்துக்கு ஒருமுறை கார் மாற்றுபவர்கள் யோசிக்க வேண்டும்.

அப்போ வாங்கலாமா?

சொந்த பார்க்கிங், அதில் சொந்த மீட்டரிலிருந்து கரன்ட், வீட்டில் ஊருக்குப் போக இன்னொரு கார் அல்லது ரயிலே போதும் என்ற மனசு. இந்த மூன்றும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். சாயங்கால லஸ் கார்னர் டிராஃபிக்கே உங்களுக்குப் பாதி உறுத்தாது. மூன்றில் முதல் ரெண்டும் இல்லை என்றால், கார் எவ்வளவு பிடித்திருந்தாலும் தள்ளிப்போடுங்கள். வீட்டில் இருக்கும் ஒரே கார் இதுதான், மாதம் ஒருமுறை சொந்த ஊருக்கும் போக வேண்டும் என்றால், இந்தச் சைஸில் தேடாதீர்கள்.

முடிவு செய்துவிட்டீர்களா? ஷோரூமுக்குப் போவதற்கு முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கிங்கைக் காட்டுங்கள். டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி ரோட்டில் எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நீங்கள் தினமும் போகும் ரூட்டில் எடுங்கள். வீட்டுப் பெரியவர்களைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். திரும்பி வந்ததும், அவர்கள் இறங்கும்போது என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்!